ஆட்சி, ஆவணம், காட்சி: வழிவழி வந்த வீட்டுரிமையும் அதன் சிக்கல்களும்

முன்னுரை

பாட்டனார் பெயரில் பத்திரமும், தந்தையார் பெயரில் வீட்டுவரி ரசீதும், பேரன் பெயரில் மின் இணைப்பும் கொண்ட வீடுகள் இந்தியாவின் எல்லா மாநிலங்களிலும் உள்ளன. அவற்றில் குடியிருப்போர் தம் உரிமையைப் பற்றி நாள்தோறும் ஐயுறுவதில்லை. வங்கியில் கடன் கேட்கும்போதோ, வீட்டை விற்க முற்படும்போதோ, சாலை விரிவாக்கத்திற்கு எடுக்கப்பட்ட பகுதிக்கு இழப்பீடு கோரும்போதோ, அவ்வீடு சட்டத்தின் பார்வையில் யாருக்குரியது என்ற வினா எழுகின்றது. அதற்குள் உரிமையாளர் ஒருவர் என்ற நிலை மாறிப் பதினைவர், இருபதின்மர் என்றாகியிருக்கும். அவர்களுள் சிலர் வெளிநாட்டில் இருப்பர். சிலர் இறந்து அவர்தம் மக்கள் உரியவராகியிருப்பர்.

இச்சிக்கலைக் குடும்பப் பூசலின் விளைவாகக் கருதுவது பொதுவழக்கு. பூசலே இல்லாத குடும்பங்களிலும் இது தோன்றுகிறது என்பது நோக்கத்தக்கது. விற்பனையும் அடைமானமும் எழுத்தில் பதிவாகின்றன. இறப்பால் நிகழும் உரிமை மாற்றம் எழுத்தின்றியே நிகழ்கின்றது. சிக்கலின் வேர் இவ்விடத்திலேயே உள்ளது. தமிழிலக்கியமும் கல்வெட்டுகளும் காட்டும் பழைய சான்றியல் முறையையும், 19ஆம் நூற்றாண்டு முதல் உருவான பதிவு முறையையும் ஒருசேர நோக்கி, இந்த இடைவெளி எவ்வாறு தோன்றியது, அதனைக் குடும்பங்கள் எவ்வாறு அடைக்கலாம் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

1. வழக்கின் மூவகைச் சான்றுகள்

கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம் பக்தி நோக்கில் பெரிதும் பயிலப்படுவது. அதனை ஒரு வழக்கின் நடவடிக்கைக் குறிப்பாகவும் படிக்க இயலும். சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு வந்த முதிய அந்தணர், சுந்தரரின் பாட்டனார் தாமும் தம் வழிவந்தோரும் தமக்கு அடிமையென எழுதித் தந்ததாக ஓர் ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கின்றது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றனுள் ஒன்றால் தம் கூற்றை நிறுவுமாறு அவையோர் முதியவரிடம் கேட்கின்றனர்.

கிழிக்கப்பட்டது படியோலையே என்றும், மூலவோலை தம்மிடம் உள்ளது என்றும் முதியவர் கூறுகிறார். கரணத்தான் அதனை வாங்கிப் படிக்கிறான். சாட்சியாகக் கையெழுத்திட்டோர் தம் எழுத்தை அறிந்து ஒப்புகின்றனர். பாட்டனாரின் எழுத்து, காப்பிலிருந்து எடுக்கப்பட்ட அவருடைய வேறோர் ஓலையின் எழுத்தோடு ஒப்பிடப்படுகின்றது. ஆவணம் மெய்யென முடிவானபின்னும் அவையோர் அமையவில்லை. இவ்வூரினர் என்று ஓலை கூறுவதால், இவ்வூரில் உமக்குள்ள மனையைக் காட்டுக எனக் கேட்கின்றனர். முதியவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் சென்று மறைகின்றார்.

இங்கு வழக்கின் பொருள் அடிமைத்திறம். எனினும் அதன் அமைப்பு மரபுரிமை வழக்கின் அமைப்பேயாகும். எழுதித் தந்தவர் இறந்துவிட்டார். அவர் எழுத்து பேரனைக் கட்டுப்படுத்துமா என்பதே வினா. மூலமும் படியும் வேறுபடுத்தப்படுகின்றன; கையெழுத்து ஒப்பிடப்படுகின்றது; உயிரோடிருக்கும் சாட்சியர் வினவப்படுகின்றனர்; ஆவணம் கூறும் செய்தி ஊரின் நேரடி அறிவோடு பொருந்துகிறதா எனப் பார்க்கப்படுகின்றது. ஆட்சி என்பது அனுபவம். ஆவணம் என்பது எழுத்து. காட்சி என்பது பிறர் அறிவு. பின்வரும் பகுதிகளில் இம்மூன்று சொற்களும் இப்பொருளிலேயே ஆளப்படுகின்றன.

2. கல்வெட்டுகளில் ஆவணமும் சாட்சியும்

சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் நிலமும் மனையும் கைமாறிய செய்திகள் மிகுதியாகக் கிடைக்கின்றன. அவற்றின் எழுத்துமுறை பெரும்பாலும் ஒரே கட்டமைப்பைப் பின்பற்றுகின்றது. விற்போர் இன்னார் என்பது முதலில் கூறப்படும். பின்னர்க் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என நான்கெல்லைகளும் அயல் நிலங்களின் பெயரால் வரையறுக்கப்படும். அதன்பின் விலைப்பொருள் முழுதும் பெற்றமை குறிக்கப்படும். இறுதியில் இதுவே விலையாவணம் என்றும், பொருள் முழுதும் செலுத்தப்பட்டமைக்கு இதுவன்றி வேறோலை காட்டக் கடவதன்று என்றும் உறுதி கூறப்படும்.

இவ்வுறுதிமொழி, பழைய ஓலையொன்று பிற்காலத்தில் வெளிப்பட்டு உரிமையைக் குலைக்கக்கூடும் என்ற அச்சம் அன்றே இருந்ததைக் காட்டுகின்றது. எல்லைகளை அயலார் பெயரால் கூறும் முறை, அயலாரையே மறைமுகச் சாட்சிகளாக ஆக்குகின்றது. இப்படி அறிவேன் என்று கையெழுத்திட்ட சாட்சியரின் நீண்ட பட்டியலும், எழுதத் தெரியாதவரின் தற்குறிக்காக மற்றொருவர் சான்றளித்த குறிப்பும் கல்வெட்டுகளில் உள்ளன. இன்றைய பத்திரங்களிலும் நான்கெல்லைக்குச் சக்குபந்தி என்ற சொல்லும், தற்குறிக்குப் பெருவிரல் ரேகையும், மாட்டெறிந்தவருக்கு அடையாளம் காட்டும் சாட்சியும் வழங்குகின்றன. ஆவணத்தின் உறுப்புகள் பெயர் மாறித் தொடர்கின்றன எனலாம்.

பெண்கள் நிலமும் மனையும் உடையோராய் விற்றும் கொடுத்தும் உள்ளமையைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அவருள் சிலர் முதுகண் எனப்பட்ட ஆடவர் ஒருவரைக் கொண்டே ஆவணம் செய்துள்ளனர். பெண்ணின் உரிமை ஏற்கப்பட்டும் அவள் கையெழுத்து மட்டும் போதுமானதாகக் கொள்ளப்படாத நிலையை இது உணர்த்துகின்றது. இவ்விடைவெளி வேறு வடிவில் 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தமை பின்னர்க் கூறப்படும்.

கல்வெட்டுகளில் மிகுதியும் பதிவானவை விற்பனையும் கொடையுமே. தந்தை இறந்து மகன் வீட்டை எய்திய நிகழ்ச்சிக்குத் தனியே ஓர் ஆவணம் தேவைப்படவில்லை. ஊரும் சபையும் அதனை அறிந்திருந்தன. ஆவணம் இல்லாத இடத்தைக் காட்சி நிரப்பியது. ஊர் சிறிதாகவும், மக்கள் இடம்பெயராமலும், மூத்தோர் நினைவு மதிக்கப்படுவதாகவும் இருந்தவரை இம்முறை இயங்கியது.

3. பங்காளி என்னும் உறவுப்பெயர்

தந்தைவழி உறவினரைத் தமிழர் பங்காளி என்றும் தாயாதி என்றும் அழைக்கின்றனர். முன்னது பங்குடையவன் என்றும், பின்னது தாயத்திற்கு உரியவன் என்றும் பொருள்படும். தாயம் என்னும் சொல் சங்க நூல்களில் அரசுரிமையைக் குறித்து வழங்கியது. உறவின் பெயரே சொத்தின் பங்கிலிருந்து பிறந்துள்ளமை, சொத்துரிமை தனியொருவருடையதாகக் கருதப்படாத சமூக அமைப்பைச் சுட்டுகின்றது.

வடமொழிச் சட்ட நூல்களில் இவ்வமைப்பு இருவகையாக விளக்கப்பட்டது. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாட்சரம், மகன் பிறக்கும்போதே மூதாதையர் சொத்தில் உரிமை எய்துகிறான் என்று கொண்டது. வங்கத்தில் சீமூதவாகனர் எழுதிய தாயபாகம், தந்தை இறந்தபின்பே உரிமை பிறக்கும் என்று கொண்டது. முன்னதன்படி கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் இறந்தால் அவர் பங்கு எஞ்சியோரிடம் சேரும். ஒவ்வொரு பிறப்பும் இறப்பும் பங்கின் அளவை மாற்றும். அம்மாற்றம் எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை.

இந்நூல்களைச் சென்னை மாகாணத்தின் எல்லாச் சாதியினர்க்கும் பொருத்தியது ஆங்கிலேயர் நீதிமன்றங்களின் செயல். இராமநாதபுரம் சமீன் வாரிசு வழக்கில் 1868இல் தீர்ப்பளித்த பிரிவி கவுன்சில், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு நூல் விதியை விஞ்சும் என்று கூறியது. எனினும் வழக்காற்றை மெய்ப்பிக்கும் சுமை குடும்பங்களின் மீதே விழுந்தது. மதுரை மாவட்ட வரலாற்றை எழுதிய ஜே.எச். நெல்சன், சென்னை உயர்நீதிமன்றம் கையாண்ட இந்துச் சட்டம் குறித்து 1877இல் வெளியிட்ட நூலில், வடமொழி நூல்களை அறியாத மக்கள்மீது அவற்றை ஏற்றுவதைக் கண்டித்தார். ஊர் அறிந்த வழக்காறு இவ்வாறு தன் வலிமையை இழக்கலாயிற்று. மூவகைச் சான்றுகளுள் முதலில் தளர்ந்தது காட்சியே ஆகும்.

4. பதிவுச் சட்டமும் பதிவாகாத இறப்பும்

இந்தியா முழுமைக்குமான பதிவுச் சட்டம் 1864இல் இயற்றப்பட்டது. அது 1866, 1871, 1877 ஆகிய ஆண்டுகளில் மாற்றி எழுதப்பட்டு, 1908ஆம் ஆண்டின் 16ஆம் சட்டமாக இன்றைய வடிவம் பெற்றது. அசையாச் சொத்தின் கொடையும், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புடைய உரிமை மாற்றங்களும் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும் என்று அதன் 17ஆம் பிரிவு கூறுகின்றது. உயில் அக்கட்டாயத்திலிருந்து விலக்கப்பட்டது, விரும்பினால் பதியலாம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் வாழ்வோர் தம்முள் செய்யும் மாற்றங்களையே பொருளாகக் கொண்டது.

இச்சட்டங்கள் பதிவு செய்தவை ஆவணங்களை மட்டுமே என்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. இறப்பு ஓர் ஆவணம் அன்று. ஒருவர் இறந்த கணமே அவர் உரிமை வாரிசுகளிடம் சென்றுவிடுகின்றது. பதிவகத்தின் ஏடோ அவர் பெயரோடு நின்றுவிடுகின்றது. வில்லங்கச் சான்றிதழ் பதிவான ஆவணங்களை மட்டும் காட்டுவதால், மூன்று தலைமுறைகளாக நிகழ்ந்த உரிமை மாற்றங்கள் எவையும் அதில் இடம்பெறா. அதனைப் பார்ப்பவர்க்கு இறந்த பாட்டனாரே இன்றும் உரிமையாளராகத் தோன்றுவார்.

குடும்பப் பாகப்பிரிவினையிலும் இந்நிலை தொடர்ந்தது. வாய்மொழியாகப் பாகம் பிரித்து, நினைவுக்காகக் கூர்ச்சீட்டு எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருந்தது. குடும்ப ஏற்பாடு வாய்மொழியாகவும் அமையலாம் என்றும், முன்பே முடிந்த ஏற்பாட்டை நினைவுக்காகக் குறித்த தாளுக்குப் பதிவு வேண்டா என்றும் உச்சநீதிமன்றம் காலே வழக்கில் 1976இல் கூறியது. அக்குடும்பத்தில் அமைதி நிலவும்வரை அத்தாள் போதும். மூன்றாம் மனிதர் ஒருவர் வீட்டை வாங்க வரும்போது அது போதாததாகிவிடுகின்றது.

இவற்றோடு, பதிவு என்பது உரிமைக்கு உறுதிப்பாடு அன்று என்ற அடிப்படையும் சேர்கின்றது. பதிவகம் ஆவணத்தைப் பதிகின்றதே தவிர, எழுதித் தருபவர் உண்மையில் உரிமையாளரா என்று ஆராய்ந்து சான்றளிப்பதில்லை. 2025 நவம்பரில் பீகார் மாநிலத்தைச் சார்ந்த சமியுல்லா வழக்கில் உச்சநீதிமன்றம் இவ்வேறுபாட்டை மீண்டும் விரித்துரைத்தது. விற்பவர் தம் பெயரில் வருவாய்த்துறைப் பதிவு உள்ளதைக் காட்டினாலன்றிப் பத்திரம் பதியலாகாது என்ற அம்மாநில விதி அவ்வழக்கில் நீக்கப்பட்டது. முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டக் கோரிய தமிழ்நாட்டுப் பதிவு விதியும் அதே ஆண்டு ஏப்ரலில் உச்சநீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. போலிப் பத்திரங்களைத் தடுக்கும் நோக்குடன் கொணரப்பட்ட இவ்விதிகள், மூலப்பத்திரம் கைவசமில்லாத மெய்யான வாரிசுகளுக்கும் தடையாயின. அவை நீங்கியபின் உரிமையை ஆராயும் பொறுப்பு மீண்டும் குடும்பத்தையும் வாங்குவோரையுமே சேர்ந்துள்ளது.

5. வரி விதிக்கப்படாத மனை

வீட்டுரிமை எழுத்தில் ஏறாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நில அளவை வரி வருவாயை நோக்கமாகக் கொண்டது. வரி தரும் வயலும் தோட்டமும் எண்ணிட்டு அளக்கப்பட்டன. குடியிருப்புப் பகுதி நத்தம் என்ற ஒரே பெயரில் பொதுவாக விடப்பட்டது. வட இந்தியாவில் இதனை ஆபாதி என்பர். தில்லியைச் சூழ்ந்த ஊர்களில் குடியிருப்பைச் சுற்றிச் சிவப்புக் கோடிட்டுப் பிரித்த லால் டோரா முறை 1908 முதல் வழங்குகின்றது. உழும் நிலத்திற்குப் பட்டா வைத்திருந்த குடும்பமே தான் உறங்கும் வீட்டிற்கு எழுத்துச் சான்று இல்லாதிருந்தது.

நத்தம் அரசின் உடைமையன்று, அதில் வீடு கட்டி வாழ்வோர்க்குரியது எனச் சென்னை உயர்நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியுள்ளது. அஃது ஆட்சியைச் சான்றாக ஏற்றமையாகும். ஆயினும் வங்கியும் வாங்குவோரும் கேட்பது ஆவணத்தையே. ஊர்க் குடியிருப்புகளை ஆளில்லா வானூர்தி கொண்டு அளந்து சொத்து அட்டை வழங்கும் சுவாமித்துவா திட்டத்தை இந்திய அரசு 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கியது. 2025 சனவரி 18 அன்று ஒரே நிகழ்ச்சியில் 65 இலட்சத்திற்கும் மேற்பட்ட அட்டைகள் வழங்கப்பட்டன. வீட்டின் எல்லையை வானிலிருந்து அளக்கலாம். அவ்வீட்டில் மணமாகிச் சென்ற மகளுக்கும் வெளியூரில் வாழும் இளைய மகனுக்கும் உள்ள பங்கை அவ்வாறு அளக்க இயலாது. வீட்டிலிருப்பவர் பெயர் மட்டும் அட்டையில் ஏறுமாயின், பழைய இடைவெளி புதிய ஆவணத்திலும் தொடரும்.

6. பிரிக்க இயலாத பொருளும் பெண்ணின் பங்கும்

வயலை வரப்பிட்டுப் பிரிக்கலாம்; வீட்டை அவ்வாறு பிரிக்க இயலாது. செட்டிநாட்டு வீடுகளில் வளவைச் சுற்றிய அறைகள் மணமான மகன் ஒவ்வொருவர்க்கும் புள்ளி என்ற கணக்கில் ஒதுக்கப்பட்டன. முற்றமும் பட்டாலையும் பொதுவாக இருந்தன. தலைமுறைகள் பெருகப் பெருக, ஒரு வீட்டிற்குப் பல பத்துப் பங்காளிகள் உரியவராயினர். கூரை பழுதுபார்க்கவும் அனைவர் இசைவும் பணமும் வேண்டியிருத்தலின், சில வீடுகள் பூட்டியே கிடந்து அழிந்தன. கேரளத்தில் மருமக்கத்தாய முறையில் தாய்வழியாகக் காக்கப்பட்ட தரவாட்டு வீடுகளும், 20ஆம் நூற்றாண்டின் பிரிவினைச் சட்டங்களுக்குப் பின் இத்தகைய நிலையை அடைந்தன. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் கேரளம் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே நீக்கியது.

குடியிருப்பு வீட்டிற்குத் தனிக் காப்பு வேண்டும் என்பதைச் சட்டமியற்றியோர் உணர்ந்திருந்தனர். பிரிக்கப்படாத குடும்பத்தின் வீட்டில் ஒரு பங்கை வாங்கிய அயலார் கூட்டாகக் குடியிருக்கும் உரிமை பெறார் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு கூறுகின்றது. அத்தகையவர் பிரிவினைக்கு வழக்கிட்டால், குடும்பத்தினரே அப்பங்கை மதிப்பிட்டு வாங்கிக்கொள்ள 1893ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டம் வழிசெய்தது.

இக்காப்பு பெண்களுக்கு எதிராகவும் பயன்பட்டது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் பங்கில் வரம்புக்குட்பட்ட வாழ்நாள் உரிமையைத் தந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அதனை முழு உரிமையாக்கி, மகளையும் முதல்நிலை வாரிசாக ஏற்றது. ஆயினும் அதன் 23ஆம் பிரிவு, குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முடிவு செய்யும்வரை பெண் வாரிசு பிரிவினை கோரலாகாது என்றது. பெண்ணுக்குப் பங்குண்டு, அதனைப் பெறும் காலத்தைச் சகோதரன் முடிவு செய்வான் என்பதே இதன் பொருள். அரை நூற்றாண்டு கழித்து, 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் இப்பிரிவு நீங்கியது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை வழங்கும் மாற்றத்தை ஆந்திரம் 1985இலும் தமிழ்நாடு 1989இலும் முன்னரே தொடங்கியிருந்தன. தமிழ்நாட்டுத் திருத்தம் அதற்குமுன் மணமான மகளிரை விலக்கியிருந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவ்வேறுபாடு இல்லை.

வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று அளிக்கப்பட்ட தீர்ப்பு, திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவுபடுத்தியது. மகளின் உரிமையை மறுக்க, முன்பே வாய்மொழியாகப் பாகம் பிரிந்துவிட்டது என்று கூறுவதை எளிதில் ஏற்கலாகாது என்றும், பொது ஆவணங்களின் துணை அதற்கு வேண்டும் என்றும் கூறியது. பிற சமயத்தாரிடையிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்துள்ளது. மேரி ராய் வழக்கில் 1986இல் உச்சநீதிமன்றம், திருவிதாங்கூர்க் கிறித்தவப் பெண்களின் பங்கைச் சுருக்கிய 1916ஆம் ஆண்டுச் சட்டம் 1951 முதலே செல்லாது என்றது. இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் மகளிரை விடுத்துச் செய்யப்பட்ட பிரிவினைகள் பல வினாவுக்குள்ளாயின. பெண்ணின் பங்கைப் பதியாமல் விட்ட குடும்பங்களில் அவ்விடுபாடே பின்னாளில் உரிமையின் குறையாகத் தோன்றுகின்றது.

7. இறந்த நாள் என்னும் சான்று

எந்தச் சட்டத்தின்படி வாரிசுகள் அமைவர் என்பதை முடிவு செய்வது, உரிமையாளர் இறந்த நாளாகும். 1937, 1956, 1989, 2005 ஆகிய ஆண்டுகளுக்கு முன்னும் பின்னும் பங்கின் கணக்கு வேறுபடக்கூடும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற அருணாசலக் கவுண்டர் வழக்கில், சொத்துடையவர் 1949இல் இறந்தாரா, 1957இல் இறந்தாரா என்பதே சர்ச்சைக்குரியதாக இருந்தது. முன்னது எனில் பழைய இந்துச் சட்டமும், பின்னது எனில் 1956ஆம் ஆண்டுச் சட்டமும் பொருந்தும். 1949 என நீதிமன்றங்கள் முடிவு செய்தன. பழைய சட்டத்தின்படியும், தந்தை தாமே ஈட்டிய சொத்து அவர் மகளையே சேரும் என 2022 சனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறப்புக்கும் தீர்ப்புக்கும் இடையே எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுதும் ஒரே சீராக அமைந்தது 1969இலேயே ஆகும். அதற்கு முற்பட்ட இறப்புகளுக்குக் குடும்ப நினைவே பெரும்பாலும் சான்றாகின்றது. அந்நினைவையுடைய மூத்தோர் மறைந்தால் காட்சி என்னும் சான்றும் மறைகின்றது.

ஆட்சி இக்குறையை ஈடுசெய்யும் எனக் கருதுவோர் உளர். கூட்டுரிமையாளருள் ஒருவர் மட்டும் வீட்டில் வாழ்ந்தாலும், அவர் ஏனையோர்க்காகவும் வாழ்வதாகவே சட்டம் கொள்ளும் என்று இலட்சுமி ரெட்டி வழக்கில் 1957இல் கூறப்பட்டது. ஏனையோரின் உரிமையை வெளிப்படையாக மறுத்து அவரை விலக்கினாலன்றி, நெடுங்கால வாழ்க்கை தனியுரிமை ஆகாது. தாயைப் பேணி, வீட்டைப் பழுதுபார்த்து, வரி செலுத்தி வாழ்ந்த ஒருவர், தம் உழைப்பே பங்கை ஈட்டித்தந்தது என்று நம்பியிருந்து முதுமையில் ஏமாற்றமடைவது இதனாலேயாகும்.

8. கோவாவின் மாற்று முறை

இறப்பைப் பதிவுக்குக் கொணரும் முறை ஒன்று இந்தியாவிலேயே உள்ளது. 1867ஆம் ஆண்டின் போர்ச்சுகீசியக் குடிமைச் சட்டம் 1870 முதல் கோவாவில் நடைமுறைக்கு வந்தது. அதன் வழியில் ஒருவர் இறந்தபின் அவருடைய சொத்து, கடன், வாரிசுகள் ஆகியவற்றைப் பட்டியலிட்டுப் பங்கிடும் இன்வென்டரி நடவடிக்கை நீதிமன்றத்தில் நடைபெறும். மகனும் மகளும் ஒத்த பங்குடையோர். 2012இல் கோவா சட்டமன்றம் இயற்றி 2016இல் நடைமுறைப்படுத்திய சட்டமும் இம்முறையைத் தொடர்கின்றது. அங்கும் காலத்தாழ்வும் பங்காளிச் சிக்கலும் இல்லாமல் இல்லை. ஆயினும் இறப்புக்குப் பின் ஒரு பட்டியல் எழுதப்பட வேண்டும் என்ற நெறி, பிற மாநிலங்களின் குடும்பங்கள் தாமே மேற்கொள்ளத்தக்கதாகும்.

9. தீர்க்கும் வழியும் தடுக்கும் வழியும்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிவுகள் பெறப்படுகின்றன. ஏற்கெனவே சிக்கலுற்ற வீட்டிற்கு முதற்பணி வம்சாவளி எழுதுதல். இறுதியாகப் பதிவான பத்திரத்தில் பெயருடையவரிலிருந்து தொடங்கி, அவர்தம் மக்கள், மணமாகிச் சென்ற மகளிர், இறந்தோரின் துணைவியர், ஒவ்வொருவரும் இறந்த நாள் ஆகியவற்றை விடுபாடின்றிக் குறித்தல் வேண்டும். பின்னர் மூலப்பத்திரம் தேடப்பட வேண்டும். தொலைந்திருப்பின் பதிவகத்தில் சான்றிட்ட நகல் பெறலாம். முப்பதாண்டு கடந்த ஆவணம் உரிய இடத்திலிருந்து வருமாயின் மெய்யெனக் கொள்ளலாம் என்ற சான்றியல் விதி 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கின்றது. ஆதலின் பழைய ஓலையையும் முத்திரைத் தாளையும் எவரிடமிருந்து பெற்றோம் என்ற குறிப்போடு காத்தல் நன்று.

அடுத்தது வாரிசுகளின் உடன்பாடு. அனைவரும் ஒப்பினால் பாகப்பிரிவினைப் பத்திரமோ, பங்கை ஒருவர்க்கு விட்டுத்தரும் விடுதலைப் பத்திரமோ எழுதிப் பதியலாம். உடன்பாடு கைகூடாதபோது பிரிவினை வழக்கே வழி. அதற்கு முன்னரோ இடையிலோ 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மக்கள் நீதிமன்றத்தை நாடலாம். அங்கு எய்தும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம், வீட்டுவரிப் பெயர் மாற்றம் ஆகியன தேவையானவை. அவை மட்டும் உரிமையை ஆக்கா என்பதையும் மறத்தலாகாது. சகோதரியின் கையெழுத்தைச் சீர்வரிசையின் பெயரால் பெறும் விடுதலைப் பத்திரங்கள் தனிக் கவனத்திற்குரியவை. பங்கின் மதிப்பை அவர் அறிந்து, தம் விருப்பத்தால் ஒப்பினார் என்பது தெளிவாக இருத்தல் வேண்டும். முதுகண்ணின் கையெழுத்து நீங்கிய காலத்திலும், அறியாமல் இடப்படும் கையெழுத்து பெண்ணின் உரிமையைக் காக்காது.

வருமுன் காக்கும் வழி உரிமையாளர் வாழ்நாளிலேயே உள்ளது. உயில் எழுதுதல், செட்டில்மென்ட் பத்திரம் பதிதல், உயிரோடிருக்கும்போதே பாகம் பிரித்தல் என வழிகள் பல. உயிலுக்கு இரு சாட்சியர் இன்றியமையாதவர். அவர்கள் எழுதுபவரினும் இளையோராக இருத்தல் நலம். பதிவு கட்டாயமன்று எனினும் பிற்கால ஐயத்தைக் குறைக்கும். சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய நகரங்களில் உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாலன்றி உரிமை கோரலாகாது என்றிருந்த 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு 2025 டிசம்பரில் நீக்கப்பட்டது. உயிலின் மெய்ம்மையை ஒருவர் மறுத்தால் அதனை நிறுவும் கடமை நீங்கவில்லை. ஆகவே சாட்சியரின் முக்கியத்துவம் குறையவில்லை எனலாம்.

முடிவுரை

திருவெண்ணெய்நல்லூர் அவையோர் ஆவணம் மெய்யென்று கண்டபின்னும் மனையைக் காட்டுக என்றனர். எழுத்தும் வாழ்வும் ஊர் அறிவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்ற கருத்து அதில் அடங்கியுள்ளது. இன்றைய மரபுரிமை வீடுகளில் ஆட்சி ஒருவரிடமும், ஆவணம் இறந்தவர் பெயரிலும், காட்சி முதியோர் நினைவிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. முதியோர் வாழும் காலத்தில் இம்மூன்றையும் ஒரே பத்திரத்தில் இணைப்பது சில நாள்களில் முடியும் பணி. அவர்கள் மறைந்தபின் அதே பணிக்கு நீதிமன்றமும் பல்லாண்டுகளும் தேவைப்படுகின்றன. அரசு நில அளவையையும் பதிவையும் எத்துணைச் செம்மைப்படுத்தினாலும், வீட்டில் யார் யாருக்குப் பங்குண்டு என்பதை முதலில் அறிந்து எழுத வேண்டியது குடும்பமே. கைம்பெண்ணின் உறைவிடமும், சகோதரியின் பங்கும், வீட்டைப் பேணிக் காத்தவரின் உழைப்பும் பிற்காலத்தில் மதிக்கப்படுவது அவ்வெழுத்தைப் பொறுத்தே அமைகின்றது.